முதல் ஃபோம் ஜெட்: பின் ப்ரொபெல்லரா, 64 ஈடிஎஃப்பா, 70 ஈடிஎஃப்பா?

ரேடியோ விமானம் ஓரளவு ஓட்டத் தெரிந்த பிறகு ஜெட் ஆசை வந்தவர்கள், எஃப்-16 வாங்கலாமா, சுகோய் வாங்கலாமா என்று உருவத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரை. உங்களுக்குக் கிடைக்கும் மைதானத்தில் எப்படி ஏற்றப் போகிறீர்கள், எங்கே இறக்கப் போகிறீர்கள் என்பது முடிவானால், வாங்க வேண்டிய விமானமும் பாதி முடிவாகிவிடும்.

இன்று நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, ஃபோம் ஷீட்டை வெட்டி நாமே ஒட்டும் ஜெட். உடலின் நடுப்பகுதியில் ஒரு வெட்டு விட்டு, அதற்குள் சிறிய ப்ரொபெல்லர் சுழலும். இரண்டாவது, அச்சில் வார்த்த ஈபிஓ ஃபோமில் 64 மி.மீ. ஈடிஎஃப், அதாவது குழாய்க்குள் சுழலும் மின்விசிறி, பொருத்தி வரும் சிறிய ஜெட். பெரும்பாலும் கையால் எறிந்து ஏற்ற வேண்டியது. மூன்றாவது, 70 மி.மீ. விசிறியும் சக்கரங்களும் கொண்ட, ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின்னான இறக்கை அகலமுள்ள ஈபிஓ ஜெட். 80, 90 மி.மீ. வகைகள் இந்தக் கட்டுரையில் இல்லை. முதல் ஜெட்டாக அவற்றை யாரும் வாங்கக் கூடாது.

விலையையும் அளவையும் பார்த்து நடுவில் இருக்கும் 64-ஐத்தான் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் கருத்தில் தொடங்குபவருக்கு மூன்றில் மோசமான தேர்வு அதுதான். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

எறியும் வேகமும் ஸ்டால் வேகமும்

65 முதல் 70 செ.மீ. அகலமுள்ள ஷீட் எஃப்-22 ஒன்று பேட்டரியோடு சுமார் 600 கிராம் வரும். இறக்கையும் தட்டையான உடலும் சேர்ந்து 22 சதுர டெசிமீட்டர். அதாவது ஒரு சதுர டெசிமீட்டருக்கு 27 கிராம் சுமை. இந்தச் சுமைக்கு ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், மணிக்கு 26 கி.மீ. அளவில் வரும்.

64 மி.மீ. ஈடிஎஃப் ஜெட் 900 கிராம் எடையும் 13 சதுர டெசிமீட்டர் இறக்கையும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை 69 கிராம். ஸ்டால் 41 கி.மீ. பக்கம். 70 மி.மீ. ஜெட் 2.2 கிலோ, 24 சதுர டெசிமீட்டர். சுமை 92 கிராம், ஸ்டால் 47 கி.மீ. பக்கம்.

நின்ற இடத்தில் இருந்து நன்றாக எறியும் ஒருவர் தரும் வேகம் மணிக்கு 35 கி.மீ. இருக்கலாம். ஷீட் ஜெட் கையை விட்டதுமே பறக்கிறது. 64 ஜெட் கையை விடும்போது இன்னும் பறக்கும் வேகத்தை எட்டவில்லை. முதல் சில கணங்கள் அது விழுந்துகொண்டேதான் வேகம் பிடிக்கிறது. 70 ஜெட்டை எறிவதே இல்லை, ஓடுபாதை அந்த வேலையைச் செய்கிறது. ஆக, மூன்றில் மிகக் கடினமான ஏற்றம் 64-க்குத்தான் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஷீட் ஜெட்டில் ப்ரொபெல்லர் தள்ளும் காற்று நேராக எலிவான்கள் (ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் பின்னோரத் தகடுகள்) மேல் அடிக்கிறது. விமானம் நின்ற நிலையில்கூட ஸ்டிக்குக்குக் கட்டுப்படும். ஈடிஎஃப்பில் காற்று குழாய்க்குள் நுழைந்து வால் வழியே வெளியேறுகிறது. வெளியில் உள்ள எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) ஐலிரானுக்கும் (பக்கவாட்டில் சாய்க்கும் தகடு) அதனால் பயனில்லை. வேகம் வரும்வரை ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. பதறி முழு எலிவேட்டர் கொடுத்தால் மூக்கு தூக்கி ஒரு பக்கம் சாய்ந்து விழும். 64 ஜெட்டுகள் முதல் எறியிலேயே மூக்கு உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஷீட் ஜெட் கட்டுவது

பொருளில்தான் முதல் தவறு நடக்கிறது. 6 மி.மீ. டெப்ரான் என்ற பாலிஸ்டைரீன் ஃபோம் ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம். இருபுறமும் காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டில் எடை குறைந்த வகை 300 கிராம் பக்கம். ஸ்டேஷனரி கடையின் வழவழப்பான போர்டு அதைவிடவும் அதிகம். விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் பிவிசி ஃபோம் ஷீட் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பல மடங்கு கனம், அதில் கட்டினால் எழும்பாது. வாங்குமுன் ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்துச் சதுர மீட்டர் எடையைக் கணக்கிட்டுவிடுங்கள். 350 கிராமைத் தாண்டினால் வேண்டாம்.

தெர்மாகோல் கொஞ்சம் உதிரும் என்றாலும் எடையில் குறைவு, ஆனால் ஜெட்டின் மெல்லிய இறக்கைக்கு விறைப்பு போதாது. டெப்ரான் சுத்தமாக வெட்டுப்படும், வெந்நீர்ச் சூட்டில் வளையும். அடிபட்டால் மளுக்கென்று உடையும். காகிதப் போர்டு அடி தாங்கும், ஈரம் தாங்காது. பனி விழுந்த புல்லில் காலையில் இறக்குபவர்கள் டெப்ரான் பக்கம் போவது நல்லது.

பசையைப் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டும். ஃபெவிக்விக் வகை சாதாரண சிஏ பசை டெப்ரானையும் தெர்மாகோலையும் கரைத்துவிடும். கரைப்பான் வாசம் வீசும் ரப்பர் பசைகளும் அப்படியே. ஃபோம் சேஃப் என்று குறிப்பிட்ட சிஏ, யூஹூ போர், ஐந்து நிமிட எபாக்சி, இவை மூன்றும் பாதுகாப்பு. ஃபெவிகால் ஒட்டும், ஆனால் காற்றுப் புகாத உள் இணைப்பில் ஒரு நாள் ஆனாலும் காயாமல் கிடக்கும். ஹாட் க்ளூ காகிதப் போர்டுக்கு வேகமான வழி. டெப்ரானில் சூடு அதிகமானால் குழி விழும். எபாக்சியை மோட்டார் தாங்கும் மரத்துண்டுக்கும் ஸ்பாருக்கும் (இறக்கையைத் தாங்கும் குறுக்குக் குழாய்) மட்டும் வையுங்கள். எல்லா இணைப்புக்கும் போட்டால் 40 கிராம் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

பாகங்கள்: 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று) அளவில் ஒரு 2212 மோட்டார், 30 அல்லது 40 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி), 9 கிராம் சர்வோ இரண்டு, 3எஸ் (தொடராக மூன்று செல்) 2200 எம்ஏஎச் பேட்டரி, இறக்கைக்குக் குறுக்கே 6 மி.மீ. கார்பன் குழாய். ப்ரொபெல்லர் 6×4 (விட்டம் 6 அங்குலம், ஒரு சுற்றில் முன்னேறும் தூரமான பிட்ச் 4 அங்குலம்) என்று பல பிளான்களில் இருக்கும். மலிவான 2212 மோட்டாரில் அதைப் போட்டு முழு த்ராட்டிலில் ஓட்டினால் காந்தம் சூடேறி மோட்டார் வலுவிழக்கும். அதற்கு 6×3 போதும். 6×4 வேண்டுமென்றால் சற்றுப் பெரிய மோட்டாரை வாங்கி, வாட் மீட்டரில் ஆம்ப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.

ப்ரொபெல்லரில் அளவு எழுதிய முகம் எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பின்னால் மோட்டார் இருப்பதால் அதையும் திருப்பி மாட்டுகிறார்கள். சுழலும், காற்றும் தள்ளும், ஆனால் இழுவிசை (த்ரஸ்ட்) குறைந்து விமானம் சோர்ந்து பறக்கும். எறிந்ததும் மூக்கு தொங்கினால் சிஜியை (எடை மையத்தை) குறைசொல்லுமுன் இதைப் பாருங்கள்.

ப்ரொபெல்லர் சுழலும் வெட்டில் இருபுறமும் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். வெட்டின் ஓரங்களுக்கு இணையாக 3 மி.மீ. கார்பன் கம்பி பதிக்க வேண்டும். இந்த வெட்டு உடலின் பலத்தையே இரண்டாக அறுக்கிறது. கம்பி இல்லையென்றால் கூர்மையான திருப்பத்தில் ஃபோம் வளைந்து ப்ரொபெல்லரைத் தொடும், அடுத்த கணம் பின்பகுதி போய்விடும். எலிவான்களை நடுநிலையில் 2 அல்லது 3 மி.மீ. மேல்நோக்கி வையுங்கள். சிஜியைப் பிளானில் உள்ள குறியைவிட 5 மி.மீ. முன்னால் வைத்து முதல் பறத்தலை முடித்து, பிறகு பின்னுக்கு நகர்த்துங்கள்.

தட்டை இறக்கை குறைந்த வேகத்தில் தள்ளாடினால், மேல்பக்கத்தில் முன்பாதிக்கு மட்டும் இன்னொரு அடுக்கு ஷீட் ஒட்டலாம். நடுவில் ஒரு படி விழும். க்ளைன், ஃபோகல்மேன் என்ற இருவர் பெயரால் கேஎஃப் படி என்று அழைக்கிறார்கள். எடை 30 கிராம் கூடும், ஆனால் இறக்கை விறைப்பாகிவிடுகிறது. காற்றியல் பயனைவிட அந்த விறைப்புக்காகவே அதைச் செய்யலாம்.

இந்த விமானத்தின் குறை அதன் தோற்றமும் ஒலியும். பக்கவாட்டில் பார்த்தால் தட்டை, சத்தம் விசிறிச் சீறல் அல்ல, ப்ரொபெல்லர் அலறல். வேகத்துக்கும் எல்லை உண்டு: 4 அங்குல பிட்ச் நிமிடத்துக்கு 18,500 சுற்றில் தருவது மணிக்கு 113 கி.மீ.; விமானம் அதற்குக் கீழேதான் போகும். பதிலுக்குக் கிடைப்பது சிக்கனம். ஆறு அங்குல வட்டம் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. 64 விசிறி கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுகிறது. ஒரே இழுவிசைக்கு முதலாவதுக்கு ஏறக்குறைய பாதி மின்சாரம் போதும். 2200 பேட்டரியில் 80 சதவீதம் செலவழித்தால், சராசரி 15 ஆம்பில் 7 நிமிடம் பறக்கலாம்.

64 வாங்கியே தீர வேண்டுமென்றால்

4எஸ் வகையை மட்டும் வாங்குங்கள். 3எஸ்ஸில் இழுவிசை 700, 800 கிராம் அளவில் நின்றுவிடும். 850 கிராம் விமானத்தை எறிந்தபின் மீட்க அது போதாது. 4எஸ்ஸில் பன்னிரண்டு இதழ் விசிறி 1.2 கிலோ பக்கம் தரும், முழு த்ராட்டிலில் 45 ஆம்ப் இழுக்கும். 2200 பேட்டரியில் பறக்கும் நேரம் மூன்றரை நிமிடம். டைமரை மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். இரண்டாவது முறை இறங்க முயல அந்த அரை நிமிடம் வேண்டும்.

எறிவதற்கு ஆள் வேண்டும். எறிபவர் எதிர்க்காற்றில் நாலைந்து அடி ஓடி, மூக்கை அடிவானத்துக்குச் சற்றே மேல் வைத்து, ஈட்டிபோல் நேராக விட வேண்டும். மேல்நோக்கி எறிவது தவறு. த்ராட்டில் முழுதாக ஏறி விசிறி ஒலி நிலைத்த பின்பே கையை விட வேண்டும். ஓட்டுபவர் இரு கையும் ஸ்டிக்கில் வைத்திருந்து, முதல் மூன்று விநாடி இறக்கையை மட்டம் பிடிப்பதைத் தவிர எதுவும் செய்யக் கூடாது.

இதைவிட நம்பகமானது பங்கீ. 5 மீட்டர் ரப்பர் கயிறு, 15 மீட்டர் இழுவைக் கயிறு, தரையில் ஆழமாக அறைந்த முளை, விமானத்தின் வயிற்றில் சிஜிக்குச் சற்று முன்னால் ப்ளைவுட்டோடு எபாக்சியில் பதித்த கொக்கி. கொக்கி சிஜிக்குப் பின்னால் போனால் விமானம் செங்குத்தாக எழும்பிக் கவிழும். இரண்டு நண்பர்கள், நல்ல அடர்ந்த புல், ஒரு பங்கீ, இவை உள்ள இடத்தில் 64 மகிழ்ச்சியான விமானம்தான். அந்தச் சூழலில் அதற்கு நாங்கள் எதிரி அல்ல.

வறண்ட ஏரித் தரையிலும் பொட்டலிலும் கதை வேறு. வயிற்றால் இறங்கும்போது உள்வாய் வழியே மண்ணும் காய்ந்த புல்லும் விசிறிக்குள் போகும். தரை தொடுமுன் த்ராட்டிலை முழுதாக அணைக்காவிட்டால் இதழ் உடையும். ஒரு இதழில் முனை மட்டும் உடைந்தாலும் அந்த ரோட்டரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சமநிலை இழந்த ரோட்டர் பேரிங்கைத் தின்று, திருகுகளைத் தளர்த்தி, கடைசியில் குழாயையே பிளக்கும்.

70 மி.மீ.: ஓடுபாதை உள்ளவர்களுக்கு

தார் அல்லது சிமென்ட் தளம் 60 முதல் 80 மீட்டர் நீளமும், இரு முனையிலும் மரமோ மின்கம்பியோ இல்லாத வெளியும் இருந்தால், 64-ஐத் தாண்டி நேராக இதற்கே வந்துவிடுங்கள். கனமான விமானம் காற்றில் ஆடாது, சக்கரத்தில் ஏறுவதால் பதற்றம் இல்லை.

இதிலும் உருவத் தேர்வு முக்கியம். ஈ-ஃப்ளைட் வைப்பர் போன்ற பயிற்சி, விளையாட்டு வகை ஜெட்டுகளுக்கு நேரான தடித்த இறக்கையும் ஃப்ளாப்பும் உண்டு. இறங்கும்போது முன்னறிவிப்போடு மெதுவாகத் தளரும். கூர்மையான போர்விமான உருவங்கள் அதே வேகத்தில் சட்டென்று ஒரு பக்கம் கவிழலாம். முதல் 70-க்குப் பயிற்சி உருவம், இரண்டாவதுக்குப் போர்விமானம்.

4எஸ், 6எஸ் இரண்டும் கிடைக்கின்றன. 6எஸ்ஸில் பன்னிரண்டு இதழ் விசிறி 2 கிலோ பக்கம் இழுவிசையும் 55 முதல் 60 ஆம்ப் வரை மின்னோட்டமும் காட்டும். 4000 எம்ஏஎச் பேட்டரியில் சராசரி 40 ஆம்ப் என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஈஎஸ்சி 80 ஆம்ப் குறையக் கூடாது. காற்றுப் படும் இடத்தில் அதன் தகடு இருக்க வேண்டும். கம்பி நீட்ட வேண்டி வந்தால் மோட்டார் பக்கம் நீட்டுங்கள், பேட்டரி பக்கம் வேண்டாம். அந்தப் பக்கம் நீண்டால் மின்னழுத்த அதிர்வு ஏறி ஈஎஸ்சியின் கெப்பாசிட்டர் வெடிக்கலாம். 6எஸ் சொருகும்போது பொறி பறக்கும் என்பதால் ஸ்பார்க் தடுக்கும் எக்ஸ்டி90 கனெக்டர் போடுவது நல்லது.

இறங்கும் வேகம் ஸ்டாலைப் போல 1.3 மடங்கு, அதாவது மணிக்கு 60 கி.மீ. பக்கம். ப்ரொபெல்லர் விமானத்தில் பழகியவர்கள் த்ராட்டிலை முழுதாக மூடிச் சறுக்கி வருவார்கள். ஈடிஎஃப்பில் அப்படிச் செய்யக் கூடாது. மூடிய விசிறி மீண்டும் வேகம் பிடிக்க ஒரு விநாடிக்கு மேல் எடுக்கும். தரைக்கு இரண்டு மீட்டர் மேலே அந்த ஒரு விநாடி கிடைக்காது. தரை தொடும்வரை கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு த்ராட்டில் வைத்தபடி வாருங்கள். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டால் மூக்குச் சக்கரக் கம்பி வளையும். வளைந்த கம்பியை நிமிர்த்துவதோடு நிறுத்தாமல், அது பதிந்திருக்கும் பிளாஸ்டிக் தட்டில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள்.

ஜைரோ (விமானத்தின் சாய்வைத் தானே திருத்தும் உணரி) உள்ள ரிசீவர் போட்டால் ஒவ்வொரு முறையும் தரையில் சோதியுங்கள்: மூக்கைக் கையால் கீழே சாய்த்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். திசை தலைகீழாக இருந்தால் எழும்பிய இரண்டாவது விநாடியில் விமானம் கையை விட்டுப் போகும்.

கோடையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ, 40 டிகிரியில் 1.13 பக்கம். இறக்கைத் தூக்கலும் விசிறி இழுவிசையும் எட்டு சதவீதம் வரை குறைகின்றன. மே மாத மதியத்தில் 70 மீட்டர் பாதை போதவில்லை என்று தோன்றினால் அது பிரமை அல்ல. காலை ஏழு மணிக்கு வாருங்கள்.

வண்ணம்

பல பேர் இதற்காகவே இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறார்கள், நியாயம்தான். ஆனால் மூன்று பொருளுக்கும் ஒரே முறை பொருந்தாது.

டெப்ரானுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் மட்டுமே. ஸ்ப்ரே கேனில் உள்ள கரைப்பான் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். காகிதப் போர்டில் ஸ்ப்ரேயை மெல்லிய படலங்களாக அடிக்கலாம், காகிதம் காக்கும். வெட்டிய ஓரங்களில் மட்டும் ஃபோம் வெளியே தெரிவதால் அங்கே உருகும். ஓரங்களை முதலில் நீர் வார்னிஷ் பூசி அடைத்துவிடுங்கள். அதே போர்டில் நீர் அக்ரிலிக்கைத் தூரிகையால் தடவினால் ஈரம் ஊறி இறக்கை முறுக்கிக்கொள்ளும். ஆக, டெப்ரானுக்குச் சொன்ன அறிவுரை காகிதப் போர்டுக்கு நேர் எதிர்.

ஈபிஓ கரைப்பானை ஓரளவு தாங்கும், ஆனால் வண்ணம் அதில் சரியாகப் பிடிப்பதில்லை. 320, பிறகு 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை லேசாகத் தேய்த்து, மணிமணியான குழிகளை எடையற்ற ஸ்பேக்கிளால் நிரப்பி, நீர் பாலியூரித்தேன் இரண்டு படலம் பூசி, அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் அடியுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டுமுன் அதை உங்கள் சட்டையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டேப்போடு வண்ணமும் உரிந்து வரும். பேனல் கோடுகளுக்கு 0.3 மி.மீ. மார்க்கரைவிட மென்மையான பென்சில் இயல்பாக இருக்கும். கடைசிப் படலத்துக்கு முன் கோடு போட்டால் அழியாது.

பூசுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். 600 கிராம் ஷீட் ஜெட்டில் வண்ணம் 30 கிராமைத் தாண்டக் கூடாது. பெரும்பகுதி சிஜிக்குப் பின்னால் சேர்வதால், சரிசெய்ய மூக்கிலும் எடை வைக்க நேரிடும். 70-ல் 60 கிராம் ஏறினாலும் பறத்தலில் தெரியாது. நுணுக்கமான கேமோவும் வானிலை அழுக்கும் அதற்கே பொருத்தம்.

நிறம் பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. இரண்டு சாம்பல் நிறம் அடித்த எஃப்-22 மேகமூட்டத்தில் 100 மீட்டரில் நிழலாகிவிடும். வருகிறதா போகிறதா என்று தெரியாது. அசல் நிறமே வேண்டுமென்றால் வயிற்றில் மட்டுமாவது ஒரு இறக்கையில் அகலமான கறுப்புப் பட்டையும், வால்களில் ஆரஞ்சும் போடுங்கள். முழுக் கறுப்பு மட்டும் வேண்டாம்: நம் வெயிலில் கறுத்த ஈபிஓ கொப்புளித்து வளையும், மூடிய காருக்குள் வைத்தால் இன்னும் விரைவில்.

வாங்குவது பற்றி

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது; உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. வெளிநாட்டில் இருந்து நேராக வரவழைக்கும் விமானப் பெட்டி சுங்கத்தில் கேள்விக்கு உள்ளாகக்கூடும். மோட்டார், ஈஎஸ்சி, சர்வோ தனித்தனியாக உள்நாட்டுக் கடைகளிலேயே கிடைப்பதால் ஷீட் ஜெட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஈபிஓ ஜெட்டை உள்நாட்டுக் கடையில் வாங்கும்போது, அதே விமானத்தின் ரோட்டரும் மூக்குச் சக்கரத் தொகுதியும் தனியாக இருப்பில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு மாடலைப் பாருங்கள். மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்துக்கு அருகே வசிப்பவர்களுக்கு இதுவே முதல் தடை.

சார்ஜரை மட்டும் இன்றே பெரிதாக வாங்குங்கள், ஷீட் ஜெட்டில் தொடங்கினாலும் 6எஸ் ஏற்றக்கூடியதாக. பின்னால் 70 வாங்கும்போது, கையில் உள்ள இரண்டு 3எஸ் 2200 பேட்டரிகளைத் தொடராக இணைத்து 6எஸ் ஆக்கலாம் என்று தோன்றும். மின்னழுத்தம் சரியாக வரும், ஆனால் கொள்ளளவு 2200-தான். சராசரி 40 ஆம்பில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் பறக்க முடியாது. மூக்கில் எடை குறைந்து சிஜியும் பின்னால் போய்விடும். 70-க்குத் தனியாக 4000 எம்ஏஎச் பேட்டரி இரண்டு வாங்கும் தொகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.